கைசரின் உயரம்

ரப்பர் விரிப்பைச் சிமெண்டுத் தரையில் போட்டு, அதன்மேல் ரசமட்டத்தை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை வைத்து, குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நிற்கும்வரை ஃபோக்கோ குனிந்தே இருந்தார். இன்றைக்கு அதற்குத் தேவையே இல்லை. கோடைப் போட்டிகளுக்கு முன்னால் சங்கம் நடத்தும் பயிற்சிக் காட்சி இது. பட்டம் கிடையாது, பதிவேட்டில் எதுவும் ஏறாது. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் நின்று தொப்பை போட்ட குள்ளக் குதிரைகளை வெளியே கொண்டுவந்து நாலு பேருக்குக் காட்டவும், இரண்டு வயதுக் குதிரைகள் ஒலிபெருக்கிக்கும் கைதட்டலுக்கும் பழகவும், வந்தவர்கள் பட்டாணி சூப் குடித்தபடி ஊர்வம்பு பேசவும் ஏற்பட்ட ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. கால்வாய்க் கரையிலிருந்த சவாரிக் கொட்டகையின் தகரக் கூரைமேல் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இருபத்துமூன்று குதிரைகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூட ஃபோக்கோவின் இடுப்பைத் தாண்டாது.

அவருடைய இடம் கொட்டகையின் வடகிழக்கு மூலை. அளவுகோலைப் பார்த்தாலே இளங்குதிரைகள் மிரளும். முதுகில் உலோகம் பட்டதும் வில்லாக விறைத்துக்கொள்ளும். அதனால் பயிற்சிக் காட்சிகளில் அவர் கோலோடு நிற்பார், வேண்டியவர்கள் குதிரையைக் கொண்டுவந்து பழக்கிக்கொள்வார்கள். எண்ணைச் சொல்வார், யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு குதிரையும் கிடையாது. முப்பத்தோரு வருடம் கால்வாயின் தூக்குப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலம் திறக்க இரண்டு நிமிடம் இருந்தால் இரண்டு நிமிடம் இருக்கிறது, அவ்வளவுதான். எதிரே படகில் வந்து நிற்பது மேயராக இருந்தாலும் சரி. அவரை இந்தச் சங்கத்துக்கு இழுத்து வந்ததே அக்கா ஹில்யேதான். பழைய அளவர் கண் மங்கி விலகியபோது, கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்க தம்பி கையில கோலைக் குடுங்க. அவனுக்கு முகதாட்சண்யம்னா என்னன்னே தெரியாது" என்று சொன்னவளும் அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஃபோக்கோவுக்கு அது பெருமையாக இருந்தது.

அந்த அக்காவோடு பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

ஹில்யே வளர்த்த கைசர் அன்று ஆறு வயதுப் பொலிக்குதிரை. பேரரசன் என்று பொருள்படும் பெயரை வைத்துக்கொண்டு சமையலறை மேசை உயரத்துக்கு நின்றிருந்தான். கறுப்பு உடல், வெள்ளைப் பிடரி. பொலிக்குப் பதிவாக வேண்டுமானால் எண்பத்தாறு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அவனை நம்பி ஹில்யே தெற்கிலிருந்து இரண்டு பெண் குதிரைகளை வாங்கி வைத்திருந்தாள். பிறக்கப்போகும் குட்டிகளுக்குப் பெயர்கூட யோசித்து, வீட்டு நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். ஃபோக்கோ கோலை வைத்தார். எண்பத்தேழு என்றார். பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் கைசருக்குக் காயடிக்கப்பட்டது. பெண் குதிரைகள் இரண்டும் வந்த வழியே போயின. அதற்குப் பிறகு ஹில்யே சங்கத்துக்கும் வரவில்லை, தம்பியோடும் பேசவில்லை. அம்மாவின் அடக்கத்தன்றுகூட, ரொட்டித் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தச் சொல்லி அவள் தன் புருஷன் டெர்க்கிடம்தான் சொன்னாள். ஃபோக்கோவின் பிறந்தநாளுக்கு வருடாவருடம் ஒரு அட்டை வந்தது. அதில் டெர்க்கின் கையெழுத்து மட்டும் இருக்கும்.

ஆகவே, வரிசையில் ஒரு சிவப்புக் குட்டிக்குப் பின்னால் அக்கா எப்போதும் போடும் பச்சைக் கம்பளித் தொப்பியைப் பார்த்ததும் ஃபோக்கோ முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தார். சிவப்புக் குட்டியை அளந்து முடித்தார். அது இரண்டு தரம் உதைத்தது. அதன் சொந்தக்காரப் பெண் மன்னிப்புக் கேட்டாள். அவர் பரவாயில்லை என்றார். அந்தப் பெண் நகர்ந்ததும் விரிப்புக்கு முன்னால் ஹில்யே நின்றாள். எழுபத்தோரு வயது. இடுப்பு எலும்பு மாற்றிவைத்த செய்தி காதில் விழுந்திருந்தது, நிற்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். பிடிகயிற்றின் மறுமுனையில் கைசர். கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. முகவாயில் நரை. ஆனால் குளிர்கால முடியையெல்லாம் ஒட்டக் கத்தரித்து, மூக்கு நுனியில் எண்ணெய் தடவி, குளம்புக்குக் கறுப்பு பூசி, கல்யாண மாப்பிள்ளை போலத்தான் கூட்டி வந்திருந்தாள்.

"அளக்கறியா?" என்றாள்.

பதினோரு வருடத்தில் நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. குரல் கொஞ்சம் கட்டையாகியிருந்தது.

"இன்னைக்கு அளவு கணக்குல வராது, ஹில்யே. சும்மா பழக்கத்துக்கு."

"தெரியும்டா. நோட்டீஸைப் படிச்சுட்டுதான் வந்தேன். பதினேழு வயசுக் குதிரைக்கு இனிமே என்ன கணக்கு? அளக்கறியான்னுதான் கேட்டேன்."

"கொண்டா."

கைசர் விரிப்பின்மேல் ஏறினான். நான்கு கால்களையும் நேராக வைத்து நின்றான். பழைய பாடம் மறக்கவில்லை. ஃபோக்கோ கோலைப் பக்கத்தில் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தை மெல்ல இறக்கி, பிடரிமயிரின் கடைசி இழை முடிகிற இடத்தில் வைத்தார். உலோகம் பட்டதும் குதிரையின் தோல் ஒரு தரம் சிலிர்த்தது. தோள்கள் மேலெழுந்தன. சட்டம் எண்பத்தேழைக் காட்டியது.

அவர் எண்ணைச் சொல்லவில்லை. காத்திருந்தார். இது அவர் எல்லோருக்கும் செய்வதுதான். விறைத்து நிற்கும் குதிரை நிஜ உயரத்தில் இருக்காது. அது மூச்சை விட்டு, தலையை இறக்கி, ஒரு பின்னங்காலைத் தளர்த்த நினைக்கும் அந்த நேரத்தில்தான் முதுகு தன் இடத்துக்கு வரும். அதுவரை அளவர் காத்திருக்கலாம் என்று விதியே சொல்கிறது. ஒரு தடவை வெளியூர் விவசாயி ஒருவரின் முரட்டுப் பொலிக்குதிரைக்காகக் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அந்த ஆளிடமிருந்து ஒரு கோப்பை காப்பிகூட வாங்கிக் குடித்தார். ஆனால் பதினோரு வருடத்துக்கு முன்னால், அந்த ஜூன் மாதக் காலையில், வரிசையில் பின்னால் நின்ற யாரோ "அக்கா குதிரை, பாத்துக்குவாரு" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. கோலை வைத்தார், பார்த்தார், சொன்னார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த அரை நிமிடம் தொண்டையில் மாட்டியது. பிறகு அதை ஒருவிதமாக விழுங்கிவிட்டார். சட்டம் காட்டியதைத்தானே சொன்னேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். பின்னால் நின்றவர்கள் ஒலிபெருக்கியில் தங்கள் பெயர் கேட்டு ஓடினார்கள். ஹில்யே கயிற்றைத் தளர விட்டு, கூரையில் மழை ஒழுகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைசர் தும்மினான். விலா உள்ளே போய் வெளியே வந்தது. தலை தானாக இறங்கியது. குறுக்குச் சட்டம் ஓசையில்லாமல் வழுக்கிக் கீழே வந்து நின்றது.

"எண்பத்தாறு," என்றார் ஃபோக்கோ. "எண்பத்தாறுக்குக் கொஞ்சம் கீழன்னும் சொல்லலாம்."

ஹில்யே தலையாட்டினாள். குதிரையின் நெற்றிமயிரைச் சரிசெய்தாள். இரண்டு தரம் சரிசெய்தாள்.

"வயசானா முதுகு இறங்கும்னு சொல்றாங்களே. இது அந்த இறக்கமா? இல்ல அன்னைக்கும் இவ்ளோதானா?"

"அது எப்படி இப்ப சொல்ல முடியும்? தெரியாது."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் ரசமட்டத்தை எடுத்து மறுபடி விரிப்பின்மேல் வைத்தார். குமிழி நடுவிலேயே இருந்தது.

அதற்குள் செயலாளர் வூபோ ஒலிபெருக்கியில், காயடித்த குதிரைகளின் வகுப்புக்குரியவர்கள் வாசலுக்கு வரவும், ஐந்து பேர், ஐந்தாவதாக ஹில்யே, வெகு நாளைக்கப்புறம் நம்ம ஹில்யே, என்று உற்சாகமாக முழங்கினார். யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். ஹில்யே கயிற்றைப் பார்த்தாள், தன் இடுப்பைப் பார்த்தாள், கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள்.

"நடத்தறது நான் நடத்திடுவேன். ஓட்டணும்ல. இந்த இடுப்பு ஓடாது. டெர்க் வரேன்னாரு, காலைல பாத்தா காய்ச்சல். நீ ஓடு."

"நானா? நான் ஒரு நாளும் குதிரை பிடிச்சதே கிடையாதே."

"இத்தன வருஷமா அளந்திருக்க. பிடிச்சதில்லையாமே. நீ பிடிக்க வேண்டாம், அவன் உன்னைப் பிடிச்சுக்குவான். கயிறை இழுக்காத, அவ்ளோதான்."

ஃபோக்கோ கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். ரப்பர் பூட்ஸும், முழங்கால்வரை தொங்கும் மழைக்கோட்டும் போட்டிருந்தார். மாற்றிக்கொள்ள நேரமில்லை. வாசலில் அவரைக் கயிறும் கையுமாகப் பார்த்த வூபோ மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "யோவ், என்னய்யா இது?" என்றார். ஃபோக்கோ அவரைத் தாண்டி உள்ளே நடந்தார்.

கொட்டகைக்குள்ளிருந்த மைதானத்தில் ஈரமணல் பாரமாக இருந்தது. நடுவில் நடுவர் சீட்ஸ்கே நின்றாள். பக்கத்து மாகாணத்துக்காரி, முப்பது வயதிருக்கும், நடுவராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்று அவளுக்கும் பழகும் நாள்தான். ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் காரணத்தோடு உரக்கச் சொல்லிப் பழக வேண்டும் என்று சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைச் செருகியிருந்தார்கள். முதல் குதிரைக்குக் கழுத்து குட்டை. இரண்டாவதுக்கு நடை சரி, தொப்பை குறைய வேண்டும். மூன்றாவது மைதானத்தின் நடுவில் நின்று சிறுநீர் கழித்தது, எல்லோரும் பொறுமையாகப் பார்த்தார்கள். நான்காவது ஓட மறுத்தது.

ஃபோக்கோ நடந்தார். கைசரும் நடந்தான். அவர் தோளுக்கு அவன் தலை வரவில்லை, இடுப்புப் பக்கம் ஏதோ வெதுவெதுப்பாக மூச்சு விட்டபடி கூடவே வந்தது. மூலையில் திரும்பியதும் ஓட வேண்டும். ஓடினார். பூட்ஸ் மணலில் புதைந்து சளக் சளக் என்றது. மழைக்கோட்டு காலைத் தட்டியது. நாலடி போவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் பக்கத்தில் கைசர் வேறொரு குதிரையாகிவிட்டிருந்தான். முட்டியைத் தூக்கி, ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் தரையே இல்லாதது போல, வெள்ளைப் பிடரி பின்னால் பறக்க ஓடினான். தடுப்புக் கட்டையருகில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினேழு வயது என்று யாராலும் சொல்ல முடியாது. இவன் ஓடுவதைப் பார்த்ததே இல்லையே என்று ஃபோக்கோவுக்குத் தோன்றியது. அளந்த அன்று விரிப்பில் நிற்பதைத்தான் பார்த்தார். குதிரை ஓடுவது அளவர் பார்க்க வேண்டிய விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை.

மூச்சிரைக்க நடுவர் முன்னால் வந்து நின்றார். சீட்ஸ்கே குதிரையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"இந்த மாதிரி ஓட்டம் நான் பாத்து ரொம்ப நாளாச்சு," என்றாள். குரல் கூரையெங்கும் கேட்டது. "இதுக்குக் குட்டிங்க இருக்கா, சார்?"

"இல்லை."

"ஒண்ணுகூடவா? ஐயோ. இவனை ஏன் காயடிச்சீங்க?"

கொட்டகையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சூப் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"உயரம் கூடுதல்னு சொல்லிட்டாங்க," என்றார் ஃபோக்கோ.

"யாரு சொன்னா?"

"நான்தான்."

யாரோ சிரித்தார்கள். சீட்ஸ்கேவுக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. அவள் முகம் சிவந்தது. "எவ்வளவு கூடுதல்?" என்றாள்.

"ஒரு சென்டிமீட்டர்."

"சரி, அளவுன்னா அளவுதானே," என்றாள் அவள், அவருக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிறவள் போல. அவர் அந்தக் கதவு வழியே போயிருக்கலாம். தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கைசர் அவருடைய மழைக்கோட்டின் பையில் மூக்கை நுழைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அளவு சரியா எடுக்கல," என்றார் ஃபோக்கோ. "குதிரை விறைப்பா நின்னா நான் காத்திருப்பேன். எல்லாருக்கும் காத்திருப்பேன். அன்னைக்கு இவனுக்குக் காத்திருக்கல. எங்க அக்கா குதிரைங்கறதால."

மைக் அதையும் எடுத்துக்கொண்டுபோய்க் கூரையின் நான்கு மூலையிலும் சொன்னது. வூபோ தன் ஒலிபெருக்கியில் தெரியாமல் இருமினார். ஃபோக்கோ தடுப்புப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பச்சைத் தொப்பி தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

கைசருக்கு இரண்டாம் இடம். கால்களில் வயதின் வீக்கம் தெரிகிறது என்று சீட்ஸ்கே வருத்தத்தோடு சொன்னாள். நியாயமான தீர்ப்புதான்.

வெளியே வந்ததும் வூபோ அவரைக் காப்பி மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "இதை எதுக்குய்யா இப்ப கிளப்பின? செவ்வாக்கிழமை கமிட்டி கூடுது. எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லு."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ." வூபோ குரலைத் தாழ்த்தினார். "கோல் இங்கயே இருக்கட்டும். செவ்வாக்கிழமை வரைக்கும்."

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து, கையில் பாதாம் பிஸ்கட்டோடு ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, "அப்போ என் பொண்ணு குதிரைய எண்பத்தெட்டுன்னியே, அதுக்கு நின்னியா நீ?" என்று கேட்டார். ஃபோக்கோ யோசித்துப் பார்த்து, "நின்னேன்" என்றார். கிழவர் நம்பியதாகத் தெரியவில்லை. இனி யாரும் அப்படி முழுசாக நம்ப மாட்டார்கள் என்று ஃபோக்கோவுக்குப் புரிந்தது. அது எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. காப்பி ஆறியிருந்தது, குடித்து முடித்தார்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் மழை தூறலாகியிருந்தது. ஹில்யே டிரெய்லரின் சாய்பலகையை இறக்கிவிட்டு, கைசரின் முதுகில் கம்பளம் போர்த்திக் கொண்டிருந்தாள். வயிற்றுக்கடியில் வாரை மாட்டக் குனிய முடியவில்லை. ஃபோக்கோ போய் மண்டியிட்டு மாட்டினார். எந்த ஓட்டையில் என்று கேட்டார். மூணாவது என்றாள்.

"நல்லாத்தான் ஓடின. வாத்து ஓடுற மாதிரி."

"பூட்ஸு."

"ஆமா, பூட்ஸு." கம்பளத்தின் ஓரத்தை இழுத்துவிட்டாள். பிறகு, "மைக்குல போய் அதை எதுக்குச் சொன்ன?" என்றாள்.

"மைக்கை மறந்துட்டேன்."

"நீயா? மறந்தியா?" அவள் சிரிப்பது போல ஒரு சத்தம் செய்தாள். குதிரையை மேலே ஏற்றினாள். அவன் சாய்பலகையில் டக் டக்கென்று ஏறி, தானே திரும்பி, வைக்கோல் வலைப் பக்கம் போனான். உள்ளே அவனைக் கட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் பேசினாள். "ஆறு வாரம் டைம் இருந்துச்சு, மறு அளவு கேக்க. வேற ஆளு வந்து அளந்திருப்பான். டெர்க் தினமும் சொன்னாரு, ஒரு கடுதாசி எழுதிப் போடு, ஒரு கடுதாசி எழுதிப் போடுன்னு. நான் எழுதல. நீயே வந்து சொல்லுவன்னு உக்காந்திருந்தேன். ஆறு வாரம் ஆச்சு. அப்புறம் கோபமாவே இருக்கறது ஈசியாப் போச்சு."

ஃபோக்கோ சாய்பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா வீடு அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல."

"அந்த ரெண்டு பொண்ணுங்களும் எவ்ளோ நல்ல குதிரைங்க தெரியுமா? ஒருத்தி நெத்தியில நட்சத்திரம்." நிறுத்திக்கொண்டாள். இறங்கி வந்தாள். இறங்கும்போது தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், இறங்கியதும் விட்டுவிட்டாள். இருவருமாகப் பலகையைத் தூக்கி மூடினார்கள். அவள் கொண்டிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். அதே மாதிரி இழுத்துப் பார்ப்பது அவர்கள் அப்பாவின் வழக்கம். ஃபோக்கோவும் அப்படித்தான் செய்வார்.

காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"வியாழக்கிழமை குளம்பு சீவுற ஆளு வரான். பத்து மணிக்கு. டெர்க்குக்குக் காய்ச்சல் விடுமோ என்னமோ. குதிரைய யாராவது பிடிச்சுக்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடியை ஏற்றினாள். கார் சரளைக் கற்களில் உருண்டு, கால்வாய்க் கரைச் சாலைக்குத் திரும்பியது. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட உருளைக்கிழங்கு வயல்கள் தொடுவானம்வரை கறுப்பாகக் கிடந்தன. சாதாரணக் குதிரைக்காகச் செய்த டிரெய்லர் அது. பின்பலகைக்கு மேலே திறந்திருந்த இடைவெளியில் குதிரையின் ஒரு பாகமும் தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்குக் காலி வண்டி போகிறது என்றே தோன்றும். சாலையில் மேடு வந்தபோது மட்டும் இரண்டு காதுமுனைகள் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தன, உடனே அமிழ்ந்தன. அடுத்த மேட்டில் மறுபடி எட்டிப் பார்த்தன. ஃபோக்கோ தூறலில் நின்று, அடுத்த மேடு எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.